பாகுமேயில் சாகக் கூடாது

அடிஸ் அபாபாவின் ஷிரோ மேடாவில் யார் வீட்டில் யார் செத்தாலும் முதலில் சேதி போவது எத்தெனெஷுக்குத்தான். பாதிரியாருக்குக்கூட அப்புறந்தான். அவள் ஒன்றும் வைத்தியச்சி இல்லை, இணையதளம் செய்கிறவள். அழுகிற வீட்டிலிருந்து போன் வரும். “எத்தெனெஷ், அப்பா போயிட்டாரு, போட்டுடு” என்பார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டுவிடுவாள்.

போடுவது எங்கள் பேட்டை இத்திர் சங்கத்தின் தளத்தில். சாவு விழுந்த வீட்டில் கூடாரம் அடித்து, பெஞ்சு போட்டு, அழ வந்தவர்களுக்கு இன்ஜெரா ரொட்டி பரிமாறி, ஆளைக் குழிவரைக்கும் கொண்டு சேர்க்கிற சங்கம் அது. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடக்கத்துக்குப் போகாமல் இருந்தால் சங்கத்திலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். அடித்தால் நாளைக்கு உன் வீட்டுப் பிணத்தை நீயேதான் தூக்க வேண்டும்.

முன்பெல்லாம் லெகெசே விடியலில் சந்து சந்தாகப் போய்த் தாரை ஊதி, இன்னார் செத்தார், இன்ன கோயிலில் அடக்கம் என்று கூவுவார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சங்கத் தலைவர் காஷே பெஸாபிக்கு, அதாவது பெஸாபி ஐயாவுக்கு, நவீனம் என்றால் உயிர். “தாரையெல்லாம் பழசு. தளம் போடு பொண்ணே. எல்லார் போனுக்கும் சேதி போகணும்” என்றார். எத்தெனெஷ் போட்டாள்.

அதற்கு அவள் எடுத்துக்கொண்ட மென்பொருளின் பெயர் காமன்ஹவுஸ். இனாம். எழுதினவர்களும் இனாமாகவே எழுதியிருந்தார்கள், அதை எல்லாரிடமும் சொல்லவும் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். முகப்பிலேயே “இது உங்கள் வீடு” என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்திலேயே சிறிய எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் இருந்தது. அதை அவள் அப்போது படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள்?

முதல் பத்து மாதம் ஒரு குறையும் இல்லை. ஒழுங்காகச் செத்தார்கள், ஒழுங்காக அடக்கம் நடந்தது. அப்புறம் பாகுமே வந்தது.

பாகுமே எங்கள் பதின்மூன்றாவது மாதம். ஐந்தே நாள், சில வருஷம் ஆறு. அந்த மாதத்துக்குச் சம்பளம் கிடையாது, வாடகையும் கிடையாது. ஆனால் சாவு உண்டு. அதன் மூன்றாம் நாள் கிஃப்லே செத்துப்போனார், மரக்கடைக் கிஃப்லே. எத்தெனெஷ் தேதியை அடித்தாள். காமன்ஹவுஸ் யோசித்தது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இருக்க முடியாது, பாவம், கை தவறி அடித்துவிட்டாள் என்று இரக்கப்பட்டு, தானே அதை அடுத்த வருஷத்தின் முதல் மாதமாகத் திருத்திக்கொண்டது. பேட்டை முழுக்கப் போன்கள் ஒலித்தன: கிஃப்லேயின் அடக்கம், மெஸ்கெரெம் மூன்று.

சரி, அடுத்த வாரந்தானே என்று எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். வெளியூரிலிருந்து மகன் வர வேண்டியிருக்கும், ஐஸில் வைத்திருக்கிறார்கள் போல என்று சிலர் விளக்கமும் சொன்னார்கள். அன்றைக்குக் கிஃப்லே வீட்டுக் கூடாரத்தில் பெஞ்சுகள்தான் உட்கார்ந்திருந்தன. மனைவி யெஷிமெபெத்தும் அண்டைவீட்டு நாலு பேருமாக அவரைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. புது வருஷம் பிறந்து, கோழிக்குழம்பு தின்று, மஞ்சள் பூ பறித்து முடித்த மூன்றாம் நாள், பேட்டையே வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றது. பெண்கள் தூரத்திலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்தார்கள். பிணத்தைத்தான் காணோம். அழ ஆரம்பித்தவர்களுக்கு நிறுத்துவதா, முடித்துவிட்டுப் போவதா என்று தெரியவில்லை. முடித்துவிட்டே போனார்கள்.

சங்கக் கூட்டத்தில் எத்தெனெஷை நடுவில் உட்காரவைத்தார்கள்.

“ஏம்மா, கிஃப்லே செத்தது எந்த மாசம்?” என்றார் காஷே பெஸாபி.

“பாகுமே, காஷே.”

“உன் கம்ப்யூட்டர்ல?”

“அதுக்கு அந்த மாசம் தெரியாது, காஷே. பன்னெண்டோட நின்னுடும்.”

யெஷிமெபெத் பேசினாள். “என் புருஷன் செத்த மாசமே இல்லன்னா அவரு செத்தாரா இல்லையாடி? கண்ணை மூடி வாயைக் கட்டிக் குழியில இறக்கிட்டேன். உன் மெஷினு உத்தரவு குடுக்கிறவரைக்கும் எழுப்பி உக்கார வச்சிருக்கணுமோ?”

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. அடுத்த பாகுமேக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் எத்தெனெஷின் பேர் சங்கத்திலிருந்து அடிக்கப்படும். அவள் பேர் போனால் படுக்கையில் கிடக்கும் அவள் அப்பாவின் பேரும் கூடவே போகும். அதுவரை லெகெசே மறுபடியும் தாரையை எடுக்க வேண்டியது. லெகெசே இருமிக்கொண்டே தலையாட்டினார்.

பழுது எங்கே என்று எத்தெனெஷ் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். காமன்ஹவுஸின் உள்பகுதிக்குக் கோர் என்று பேர். அதில் ஒரே ஒரு வரி. மாதம் பன்னிரண்டுக்கு மேல் போனால் ஒன்றாக்கி, வருஷத்தைக் கூட்டு. பன்னிரண்டைப் பதின்மூன்றாக்கினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சிறிய எழுத்து எச்சரிக்கையை இப்போது படித்தாள்: கோரைத் தொடாதே. தேவாலயத்தில் தாபோத் என்கிற புனிதப் பலகை இருக்கிற உள்ளறைக்குள் குருமார் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது இல்லையா, கோரும் அப்படித்தானாம். தொட்டவர்களுக்கு நேர்ந்த கதிகளைப் பற்றித் தனியாக ஒரு பக்கமே இருந்தது. திருத்தம் வேண்டுமென்றால் முறைப்படி கேட்க வேண்டும், கோரைக் காக்கிற குருமார் திருத்துவார்கள், எல்லார் வீட்டுக்கும் அது வந்து சேரும்.

எத்தெனெஷ் முறை தவறாத பெண். முறைப்படி கேட்டாள்.

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. “உங்கள் முதல் புகாருக்கு வாழ்த்துகள்! நீங்கள் இப்போது எங்கள் குடும்பம்!” பக்கத்தில் ஒரு ராக்கெட் படம். எழுதியது எந்திரம். குடும்பத்தில் அவளோடு ஒழுங்காகப் பேசினது அது ஒன்றுதான் என்று பின்னால் சொல்வாள்.

அடுத்து மனிதர்கள் வந்தார்கள். டச்சுக்காரர் ஒருவர், “நான் சோதித்துப் பார்த்தேன். என் வீட்டில் பன்னிரண்டு மாதமும் நன்றாக வேலை செய்கின்றன” என்று எழுதினார். இன்னொருவர், பதின்மூன்றாவது மாதம் என்பது மென்பொருளின் பிழை அல்ல, நாட்டின் பிழை, எனவே அரசாங்கத்தில் புகார் கொடுக்கவும் என்றார். மூன்றாமவர் ரொம்ப நல்லவர். பிரச்சினையை முழுதாகப் படித்துவிட்டு, “ஐந்து நாள்தானே? அந்த நாட்களில் இறப்பதைத் தவிர்க்கும்படி உறுப்பினர்களுக்கு ஓர் அறிவிப்புப் பலகை வைத்தால் போதுமே” என்று யோசனை சொன்னார். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அப்புறம் அமைதி. கொஞ்ச நாள் யாரும் பேசாத புகாரை எந்திரமே மூடிவிடும். “இது இனி யாருக்கும் தேவையில்லை என்று தோன்றுகிறது. நன்றி!” என்று மறுபடி ராக்கெட். எத்தெனெஷ் திறந்தாள். அது மூடியது. கடைசியில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் போனை எடுத்து, “பாகுமே இன்னும் இருக்கிறது” என்று ஒரு வரி எழுதிப் போடுவது அவள் வழக்கமானது. முக்காடு போட்ட கோலத்தில் உதடு அசைய அவள் எழுதுவதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்காக விரதம் எடுத்திருக்கிறாள் என்று எதிர்வீட்டுக்காரி ஊரெல்லாம் சொன்னாள். நாங்களும் நம்பினோம்.

கேட்டால்தானே மறுக்கிறார்கள், நாமே செய்து கொடுத்துவிடுவோம் என்று திருத்தத்தை எழுதி அனுப்பினாள். ஒரு எண். குருமார் பாராட்டினார்கள். அருமை, ஆனால் எண்ணுக்கு முன்னால் விட்ட இடைவெளி சரியில்லை. இடைவெளியைத் திருத்தினாள். அருமை, ஆனால் சோதனை நிரல் இல்லை. சோதனை எழுதினாள். அருமை, ஆனால் அந்தச் சோதனைக்கு டிசம்பர் மாதத்தின் மனம் புண்படாதா என்று யோசிக்க வேண்டும். அவள் பொறுமை இழந்து, “பாகுமே உண்மையான மாதம்” என்று எழுதினாள்.

மறுநாள் நன்னடத்தைக் குழுவிலிருந்து எச்சரிக்கை வந்தது. “உண்மையான” என்று சொன்னதன்மூலம் மற்ற பன்னிரண்டும் பொய் என்ற தொனி வந்துவிட்டதாம். யாரும் அப்படிப் புகார் செய்யவில்லை, ஆனால் செய்திருக்கக்கூடும்.

அதன் பிறகு விஷயம் பெரிதாகி, மாதங்களுக்கான பணிக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள். அதை நடத்தினது பியா என்கிற பெண்மணி. காமன்ஹவுஸின் நல்லுறவு அதிகாரி. ரொம்ப மென்மையாகப் பேசுவாள். கட்டிலில் கிடக்கிற நோயாளியோடு பேசுகிற மாதிரி.

“எத்தெனெஷ், நீங்க பேசறதைக் கேக்கறது எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குத் தெரியணும்” என்றாள் திரையில். “கேக்கறது எங்க உயிர்மூச்சு. நாங்க எட்டு வருஷமாக் கேட்டுட்டே இருக்கோம். கேட்டு முடிச்சிட்டா நாங்க எதுக்கு இருக்கோம்னு ஒரு கேள்வி வந்துடும் பாருங்க.”

“மேடம், ஒரு எண்ணுதான். பன்னெண்டைப் பதிமூணாக்கணும்.”

“எண்ணு சின்னதுதான். ஆனா அதை மாத்தற பழக்கம் பெருசு. இன்னிக்குப் பதிமூணு. நாளைக்கு ஒருத்தர் வந்து பதினாலுன்னா?”

“பதினாலு எந்த ஊர்லயும் இல்லையே மேடம்.”

“அதான் எங்க பயம். நாங்க யாரையும் விட்டுடக் கூடாது. இல்லாதவங்களையும்” என்றாள் பியா. குழுவில் எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். அடுத்த கூட்டத்தை அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதற்குள் இங்கே பாகுமே வந்து, போயும் விடும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பியாவிடமிருந்து மடல் வந்தது. தீர்ந்துவிட்டது என்று நினைத்து எத்தெனெஷ் அப்பாவைக்கூடக் கைதட்டி எழுப்பிவிட்டாள். பார்த்தால் சுவரொட்டி. வருஷாந்திர மாநாட்டில் “எல்லாருக்கும் ஒரு வீடு” என்கிற அரங்கில் அவள் பேச வேண்டுமாம், வீட்டிலிருந்தபடியே. எங்கிருந்தோ எடுத்த அவள் புகைப்படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே எழுதியிருந்தார்கள்: எத்தெனெஷ், அடிஸ் அபாபா. பன்னிரண்டு மாதமும் எங்களோடு!

மாநாடு செப்டம்பர் ஏழு. எங்கள் கணக்கில் பாகுமே இரண்டு.

“போறியா?” என்று அப்பா கேட்டார்.

“போறேன். அஞ்சு நிமிஷம் தராங்க. அத்தனை பேர் முன்னாடி கேட்டா குடுக்காமலா இருப்பாங்க?”

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்.

பாகுமே இரண்டு. காலையிலிருந்தே மழை. மதியம் மாநாட்டுத் திரை திறந்தது. முதலில் தலைவர் ரூபெர்ட் பேசினார். காமன்ஹவுஸை உண்டாக்கினவர் அவர்தான். பதவியின் பேர் ஆயுட்காலக் கருணைக் காவலர். வெறுங்காலோடு மேடைக்கு வந்தார்.

“இருபது வருஷமா நான் இதுக்குத் தலைவன்” என்றார். “யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கலை. யாரும் என்னை எடுக்கவும் முடியாது. அந்த அளவுக்கு இது உங்களோட இயக்கம்.” கைதட்டல். “நம்ம வீட்டுக்குக் கதவே கிடையாது. கதவு இருந்தாத்தானே யாராவது வந்து தட்டிட்டு நிப்பாங்க?” இன்னும் பெரிய கைதட்டல்.

பிறகு எத்தெனெஷை அழைத்தார்கள். அவள் தன் தளத்தைத் திரையில் எல்லாருக்கும் காட்டி, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். தளத்தைத் திறந்தாள். “எங்க சங்கம்...” என்று ஆரம்பித்தாள். தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு காஷே பெஸாபி உள்ளே வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“பொண்ணே, லெகெசே போயிட்டான்.”

எத்தெனெஷ் எழுந்துவிட்டாள். “யாரு? தாரை லெகெசேவா?”

“வேற எத்தனை லெகெசே இருக்கான்? காலையில பல்லு வெளக்கிட்டே சாஞ்சிட்டானாம். நாளைக்கு ஆறு மணிக்கு அடக்கம். உடனே போடு.”

“காஷே, கேமரா ஓடிட்டிருக்கு.”

“ஓடட்டும். பொணம் ஓடாது.” அவர் திரைக்குள் எட்டிப் பார்த்தார். “யாரு இவங்க? ஒருத்தன் செருப்புகூட இல்லாம நிக்கறான், பாவம்.”

லெகெசே செத்ததைத் தாரை ஊதிச் சொல்ல லெகெசே இல்லை. எத்தெனெஷ் அத்தனை பேர் பார்க்கத் தேதியை அடித்தாள். காமன்ஹவுஸ் யோசித்தது, இரக்கப்பட்டது, மெஸ்கெரெம் மூன்று என்று திருத்தியது.

“அடுத்த வாரமா?” காஷே பெஸாபி குடையைக் கீழே போட்டார். “கிஃப்லேவுக்காவது பொண்டாட்டியும் அண்டைவீட்டு நாலு பேரும் இருந்தாங்க. லெகெசேவுக்கு யாரு இருக்கா? நாப்பது வருஷம் எல்லார் சாவையும் சொன்னவன்மா அவன்.”

திரையில் பியா சிரித்த முகத்தோடு, “எத்தெனெஷ், உங்க நண்பர் நம்மளோட ஏதாவது பகிர்ந்துக்க விரும்பறாரா?” என்றாள்.

எத்தெனெஷ் உட்கார்ந்தாள். கோப்புறையைத் திறந்தாள். அதற்குள் இன்னொன்று. அதற்குள் கோர். திரையை இன்னும் மூடவில்லை. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது.

“எத்தெனெஷ்.” பியாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் இறங்கியது. “அது கோர். அது மேல கை வைக்காதீங்க.”

“வச்சா?”

“வச்சீங்கன்னா அதுக்கப்புறம் எங்களால உங்களுக்கு எந்த உதவியும் பண்ண முடியாது.”

“இதுவரைக்கும் பண்ணினதுல ஒண்ணு சொல்லுங்க மேடம், கையை எடுத்துடறேன்.”

பியா யோசித்தாள். யோசித்துக்கொண்டேயிருந்தாள். கருணைக் காவலர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

“இதோ பாரும்மா, நான் யார் மேலயும் கோவப்படறவன் இல்ல. ஆனா ஆளாளுக்கு அவங்கவங்களுக்கு வேண்டியபடி திறந்து திருத்திக்க ஆரம்பிச்சா, அப்புறம் திறந்த மென்பொருளுக்கு என்னதான் மரியாதை?”

அரங்கம் கைதட்டப் போய்ப் பாதியில் நின்றது. என்ன சொன்னார் என்று அவருக்கே கொஞ்சம் உறைத்த மாதிரி இருந்தது. வெறுங்காலை ஒன்றன் மேல் ஒன்று வைத்துக்கொண்டார்.

எத்தெனெஷ் பன்னிரண்டை அழித்தாள். பதின்மூன்று என்று அடித்தாள். கை தவறவில்லையா என்று பின்னால் கேட்டோம். தவறியதாம். முதலில் நூற்று முப்பது என்று விழுந்ததாம். அழித்துவிட்டு மறுபடி அடித்தாளாம். அப்புறம் லெகெசேயின் தேதியை மறுபடி போட்டாள்.

காஷே பெஸாபியின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. பக்கத்து வீட்டில் ஒலித்தது. தையல்கடையில், வளைவுக்கு அந்தப் பக்கம், மழைக்குள் சந்து முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டே போயிற்று. லெகெசே, அடக்கம், பாகுமே மூன்று.

டச்சுக்காரர் திரையில் கை தூக்கினார். “அடுத்த தடவை நாங்க கோரைப் புதுப்பிச்சா உங்க திருத்தம் அழிஞ்சிடும். அது தெரியுமில்ல?”

“தெரியும். மறுபடி திருத்துவேன். எங்க கூடாரத்துக்கு வருஷா வருஷம் கயிறு மாத்தறோம். யாரும் அழுததில்லை” என்றாள் எத்தெனெஷ். “இப்ப மன்னிக்கணும், நான் சாவு வீட்டுக்குப் போகணும்.”

அவள் மூடப் போகும்போது பக்கத்தில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. வெட்கம், துரோகம், இதற்கு ஒரு குழு அமைக்க வேண்டும் என்று நிறையப் பேர். நடுநடுவே பொடிப்பொடியாக வேறு சில. காத்மாண்டுவிலிருந்து ஒருவர், “எங்கள் மாதத்தில் முப்பத்திரண்டு நாள் வரும் அக்கா. எந்தக் கோப்பு?” என்று கேட்டிருந்தார். இன்னொருவர் பேரே போடாமல், “வரி எண்?” என்று மட்டும். எத்தெனெஷ் நின்று கோப்பின் பேரையும் வரி எண்ணையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதிவிட்டுத்தான் திரையை மூடினாள்.

மறுநாள் ரூபாயேல் தேவதூதர் திருநாள். அன்றைக்குப் பெய்கிற மழை புனிதம் என்று குடை பிடிக்க மாட்டோம். லெகெசேயின் பின்னால் பேட்டையே நனைந்துகொண்டு போனது. யெஷிமெபெத் முதல் வரிசையில் நின்று தன் புருஷனுக்கும் சேர்த்து அழுதாள். கூடாரத்தில் இடம் போதாமல் பாதிப் பேர் சாக்கடை ஓரம் நின்றார்கள்.

காமன்ஹவுஸின் அறிக்கை அன்று மாலையே வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக அவர்கள் எதையும் செய்து பார்த்ததில்லை. கோரைத் தொட்டது, தொட்டதை மறைக்காமல் செய்தது, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தது ஆகிய குற்றங்களுக்காக எத்தெனெஷ் காமன்ஹவுஸ் குடும்பத்திலிருந்து என்றென்றைக்கும் நீக்கப்படுகிறாள். அவள் தளம் இனி அநாதை. மிகுந்த அன்புடன், பியா.

கூடாரத்தில் உட்கார்ந்து போனில் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். காஷே பெஸாபி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“என்ன மூஞ்சி இப்படி இருக்கு?”

“நீக்கிட்டாங்க காஷே.”

“யாரு, அந்த செருப்பில்லாதவனா?”

“ம்.”

“எதுலேர்ந்து?”

“அவங்க குடும்பத்திலேர்ந்து.”

அவர் தலைக்கு மேலிருந்த கூடாரத் துணியைப் பார்த்தார். “அவங்ககிட்ட கூடாரம் இருக்கா?”

“இல்ல.”

“பெஞ்சு?”

“இல்ல காஷே.”

“உங்கப்பனுக்கு ஒண்ணுன்னா குழி வெட்ட ஒருத்தன் வருவானா?”

“வாழ்த்து அனுப்புவாங்க. ராக்கெட் படம் போட்டு.”

“அப்புறம் அது என்ன சங்கம்?” காஷே பெஸாபி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “எந்திரி. பின்னாடி ஆளுங்க தண்ணியில நிக்கறாங்க. அந்த பெஞ்சை ஒரு பக்கம் பிடி.”